பள்ளத்தின் இரண்டு கரை

ஜெனிபா வாய்மொழித் தேர்வுக்கு உள்ளே போய்ப் பதினோரு நிமிடம் ஆகியிருந்தது. தாழ்ப்பாள் சரியாக விழாத கதவு அது. மின்விசிறிக் காற்றுக்கு ஒரு விரல்கடை திறக்கும், பிறகு தானே மூடிக்கொள்ளும், திறக்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து ஒரு துண்டுப் பேச்சு நடைக்கூடத்தில் வந்து விழும், "கடற்கரை மணல்னு சொல்றீங்க, எந்தப் பக்கத்துக் கரை" என்று ஒரு பெண் குரல், அது வெளியூரிலிருந்து வந்திருக்கும் தேர்வாளர் தில்லைநாயகி மேடம், அதற்கு ஜெனிபா சொன்ன பதில் கதவுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. அடுத்தது மாதேஸ்வரிதான். அவள் மரபெஞ்சின் நுனியில், எழுந்துவிடத் தயாராக இருப்பவள்போல் உட்கார்ந்திருந்தாள். மடியில் அவளுடைய ஆய்வேடு, அரக்கு நிறக் காலிகோ அட்டை, தங்க எழுத்து, 'காளிப்பாறைப் பகுதியின் எரிமலைப் பாறைகள்', அதற்குக் கீழே அவள் பெயர், பெயருக்குப் பின்னால் முதுகலை இறுதியாண்டு, நிலவியல் துறை. வீட்டில் இதற்கு முன்னால் யார் பெயரும் தங்கத்தில் அடித்துப் பார்த்ததில்லை. அட்டை வியர்வையில் ஒட்டியது. கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்தாள். பயம் இருந்தது, ஆனால் பயத்துக்குக் கீழே வேறொன்றும் இருந்தது, காலையிலிருந்தே இருந்தது, தன்னை இந்தப் பெஞ்சில் உட்கார வைத்தவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணம். நன்றியுரை என்று மூன்று பக்கம் எழுதிக்கொண்டு போனபோது வழிகாட்டி பூவராகன் சார் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "இது கல்யாணப் பத்திரிகை இல்லம்மா, அரைப் பக்கம் போதும்" என்றார். அரைப் பக்கத்துக்குள் ஊர்ப் பேருந்தின் நடத்துநர் வரவில்லை, கல் மூட்டையை ஏற்றினபோது "பொம்பளப் புள்ள கல்லு சுமக்குது, எவனாச்சும் ஒருத்தன் எந்திரிங்கடா" என்று கத்தினவர். ஜெனிபாவின் காலணி வரவில்லை. களப்பணிக்குச் செருப்போடு வந்த மாதேஸ்வரியைப் பார்த்து, "எனக்கு இன்னொரு ஜோடி இருக்குடி" என்று பொய் சொல்லிக் கழற்றிக் கொடுத்துவிட்டு அன்று முழுக்க வேனிலேயே உட்கார்ந்திருந்தாள் ஜெனிபா.

எதிரே கண்ணாடி அலமாரியில் கற்கள் வரிசையாக இருந்தன. கிரானைட், ரையோலைட், கேப்ரோ, பஸால்ட், கரிய கண்ணாடித் துண்டுபோல ஆப்சிடியன், தண்ணீரில் மிதக்கிற நுரைக்கல். எல்லாம் ஒரு காலத்தில் குழம்பாக இருந்து ஆறினவை. ஆழத்தில் மெதுவாக ஆறினால் பெரிய பரல், கண்ணுக்குத் தெரியும் படிகம். மேலே வந்து சட்டென்று ஆறினால் பொடிப் பரல், மாவு மாதிரி. அதைவிடச் சட்டென்று ஆறினால் பரலே கட்டாது, கண்ணாடி. கேட்பார்கள். பாறைக்குழம்பு எங்கெங்கே உருவாகிறது என்று நிச்சயம் கேட்பார்கள். கடலுக்கடியில் இரண்டு புவித்தட்டுகள் விலகும் இடம், ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் புதையும் இடம், அப்புறம் தட்டின் நடுவிலேயே ஆழத்துச் சூடு பொத்துக்கொண்டு மேலே வரும் இடம். அவளுக்கு எந்தப் பாடமும் தனியாக நினைவில் நின்றதில்லை, யாராவது ஒருவர் முகம் கூடவே வரும். முதல் வருடம், முதல் வகுப்பு, பூமிக்கடியில் என்ன இருக்கிறது என்று பூவராகன் சார் கேட்க, நெருப்புக் குழம்பு சார், கடல் மாதிரி, என்று எழுந்து நின்று சொன்னாள். யாரோ சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. "முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் நினைக்கிறோம். ஆனா கீழ இருக்கிறது கல்லு. கெட்டிக் கல்லு. அவ்வளவு சூட்டுலயும் உருகாம இருக்கு, ஏன்னா மேல அவ்வளவு பாரம். பாரம் குறைஞ்சா சூடு ஏத்தாமலே உருகும்" என்றார். சூடு ஏற்றாமலே உருகும். அந்த வரிக்குக் கீழே அவள் இரண்டு கோடு போட்டாள், ஏனென்றால் அதற்கு முந்தின வாரம்தான், விடுதியில் சேர்ந்த மூன்றாம் நாள், யாரும் திட்டாமல், யாரும் வேலை ஏவாமல், காலை ஏழு மணிவரை தூங்கி எழுந்தவள் காரணமே இல்லாமல் அழுதாள், நிறுத்தவே முடியவில்லை. ஜெனிபா அப்போது பெயர்கூடத் தெரியாத அறைத்தோழி. ஒன்றும் கேட்காமல் ஒரு சொம்புத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். தண்ணீர் சேர்ந்தாலும் உருகும், அது இரண்டாவது, புதையும் தட்டு தன்னோடு கொண்டுபோகும் தண்ணீர் மேலே கசிந்து, மேலே இருக்கிற சுடுகல்லின் உருகுநிலையைக் குறைக்கிறது. தேர்வில் சொம்பைப் பற்றி எழுத முடியாது. ஆனால் அந்தக் கேள்விக்கு அவள் ஒருமுறையும் தப்பாக எழுதியதில்லை.

எரிமலை வகை கேட்டால்? அதுவும் தெரியும். சிலிக்கா என்கிற மணற்சத்து குறைந்த குழம்பு நீர்க்க இருக்கும், கம்பங்கூழை மேட்டில் கொட்டின மாதிரி ஓடிப் பரவும், பரவிப் பரவி மேல் மேலே படிந்து, கேடயத்தைக் கவிழ்த்து வைத்தது போலத் தாழ்வான அகல எரிமலை. மணற்சத்து மிகுந்தது பிசுபிசுக்கும், கேழ்வரகுக் களி மாதிரி, அடியில் சேர்ந்த ஆவி வெளியேற வழியில்லாமல் பொளக்கென்று வெடிக்கும், அம்மா களி கிளறும்போது புறங்கையில் தெறிக்குமே, அந்தக் கொப்பளத் தழும்பு இன்னும் இருக்கிறது, அப்படி வெடித்த சாம்பலும் வழிந்த குழம்பும் மாறி மாறி அடுக்கிச் செங்குத்தாக எழும்புவது அடுக்கு எரிமலை. கரிக்கட்டைத் துண்டுகளை வீசி வீசி, விழுந்ததெல்லாம் குவிந்து, நெல் குவித்த மாதிரி சின்னதாக நிற்பது கங்குக் கூம்பு. காளிப்பாறையில் எது என்று கேட்டால், எதுவும் மிஞ்சவில்லை மேடம், கூம்பெல்லாம் தேய்ந்து போய்விட்டது, குழம்பு வழிந்து உறைந்த படுகை மட்டும்தான் இருக்கிறது, நீர்த்த குழம்பு, பஸால்ட். இதைச் சொல்லச் சொல்ல வகுப்பில் அவளுக்கு எரிமலை என்றே பெயராகிவிட்டது. ஏ எரிமலை, சாப்பிட்டியா. எரிமலைக்குக் கோபம் வந்துருச்சு டோய். உள்ளே போகும்போதுகூட ஜெனிபா, "நான் போயி அந்தம்மாவ சூடேத்தி வைக்கிறேன், நீ வந்து வெடி" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

கைப்பேசி அதிர்ந்தது. அம்மா. எடுக்கலாமா என்று கதவைப் பார்த்தாள், நடைக்கூடத்தின் கோடிக்குப் போய் எடுத்தாள். "பாப்பா, உள்ள போயிட்டியா?" "போயிருந்தா எப்படிம்மா போனை எடுப்பேன்." "அதாங் கேட்டேன். இரு, அப்பா என்னமோ சொல்றாரு." அப்பாவுக்குக் காது பாதிதான். காளிப்பாறைக் கருங்கல் குவாரியில் இருபது வருடம் துளைபோடும் இயந்திரத்தைத் தோளில் அழுத்திக்கொண்டு நின்றவர், இப்போது போனில் யார் குரலும் பிடிபடாது, எல்லாவற்றையும் அம்மாதான் நடுவில் நின்று வாங்கிச் சொல்வாள். "எரிமல எங்கன்னு அந்தம்மா கேட்டா, பெரிய பள்ளத்துக்கு நேரா கையக் காட்டச் சொல்லுங்கிறாரு." "இங்கேருந்து எப்படிம்மா கையைக் காட்டுறது?" "அத நான் கேக்க மாட்டேனா? காதுல விழணுமே மனுசனுக்கு. டீக்கடையில ஒரு வாரமா இதே பேச்சுதான். நம்ம குழி எரிமலையாம், எம் மக கண்டுபுடிச்சதாம். மாரப்பன் கேட்டானாம், 'ஏண்ணே, இருவது வருசமா எரிமலைக்குள்ளயா இருந்த, மீச முடி ஒண்ணுகூடப் பொசுங்கலையே'ன்னு." மாதேஸ்வரி சிரித்துவிட்டாள், வாயைப் பொத்திக்கொண்டாள். தண்ணீர் சலசலப்பு கேட்டது. "எங்கம்மா உக்காந்திருக்க?" "எங்க, தொவைக்கிற கல்லு மேலதான். இங்க மட்டுந்தான் டவரு கெடைக்குது. சேலயெல்லாம் ஈரம். நீ பயப்படாத பாப்பா, தெரிஞ்சத சொல்லு, தெரியாதத தெரியாதுன்னு சொல்லு, யாரும் அடிக்க மாட்டாங்க." வைத்துவிட்டாள். சிரிப்பு இன்னும் உதட்டில் இருந்தது. அம்மா அந்தக் கல்மேல் ஈரச் சேலையோடு குந்தியிருப்பது கண்ணில் தெரிந்தது, கல்லும் தெரிந்தது, ஈரத்தில் பளபளவென்று, கருப்பில் வெள்ளை வெள்ளையாய், நொய்யரிசி இறைத்த மாதிரி.

நொய்யரிசி. பெஞ்சுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தபோதுதான் அந்தச் சொல் எங்கோ மாட்டியது. காய்ந்திருந்தால் வெறும் கருப்பு, ஈரம் பட்டால்தான் அந்த வெள்ளை தெரியும், சின்ன வயதில் சோப்பு நுரையை வழித்துவிட்டு நகத்தால் கிள்ளிப் பார்த்திருக்கிறாள், வராது, கல்லோடு கல்லாய் இருக்கும், ஊசி ஊசியாய், ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாய். ஃபெல்ஸ்பார், அந்த வெள்ளைக் கனிமம். அது ஃபெல்ஸ்பார்தானே. கண்ணுக்குத் தெரியும் அளவு ஃபெல்ஸ்பார். பதினைந்து வருடம் அந்தக் கல்லில் துணி துவைத்துவிட்டு, இரண்டு வருடம் ஃபெல்ஸ்பாரைப் படித்துவிட்டு, இரண்டையும் ஒருநாளும் சேர்த்து நினைத்ததில்லை. அது எங்கிருந்து வந்த கல்? தம்பி பிறந்த வருடம் அப்பாவும் இன்னும் நாலு பேரும் கடப்பாறை போட்டு உருட்டிக்கொண்டு வந்தது, மூலை சிதறிப் போனதால் ஏற்றுமதிக்கு ஆகாது என்று ஒதுக்கின கல், பெரிய பள்ளத்துக் கல். பெரிய பள்ளத்தின் நடுவிலிருந்து. அவளுடைய கற்களும் பெரிய பள்ளத்துக் கற்கள்தான், எம் ஏழிலிருந்து எம் பன்னிரண்டுவரை எண்ணிட்ட ஆறு மாதிரிக் கற்கள், ஆறும் பொடிப் பரல், மாவு மாதிரி, லென்சு வைத்தாலும் ஒன்றும் தெரியாது, அதனால்தானே பஸால்ட் என்றாள். ஆய்வேட்டைத் திறந்தாள். வரைபடம் அறுபத்திரண்டாம் பக்கம். பள்ளத்தை நீல நிறத்தில் காட்டியிருந்தாள், இப்போது அதில் தண்ணீர்தான் நிற்கிறது, பனைமர ஆழத்துக்கு. நீலத்துக்கு வடக்கே மூன்று புள்ளி, தெற்கே மூன்று புள்ளி. எல்லாம் கரையில். எல்லாம் ஓரத்தில், பக்கத்துச் சாம்பல் நிறப் பாறையைத் தொட்டுக்கொண்டு ஒரு முழத்துக்குள். நடுவில் ஒரு புள்ளியும் இல்லை, ஏனென்றால் நடு என்பதே இப்போது இல்லை. நல்ல கல் எல்லாம் நடுவில்தான் இருந்தது, அதை அறுத்து மெருகேற்றி எந்தெந்த நாட்டுக்கோ கல்லறைப் பலகைக்கு அனுப்பிவிட்டார்கள், விலைபோகாத ஓரம் மட்டும் நின்றது, அந்த ஓரத்தைப் பார்த்துவிட்டு இதுதான் முழுக்கல் என்று நூற்றுப் பதினாறு பக்கம் எழுதியிருக்கிறாள். தட்டில் போட்ட களிதான். ஓரம் அப்போதே ஆடை கட்டி ஆறிவிடும், நடுவில் விரலை வைத்தால் சுடும். குழம்பு மேலே வரவேயில்லை. ஆழத்தில், குளிர்ந்த பாறையில் விழுந்த ஒரு விரிசலுக்குள் ஏறி, அங்கேயே நின்று, ஓரம் சட்டென்றும் நடு மெதுவாகவும் உறைந்து, சுவர் மாதிரி செங்குத்தாக நின்றிருக்கிறது. டைக். அதற்குப் பேர் டைக், அந்தக் கல்லுக்குப் பேர் டோலரைட், இரண்டாம் பருவத்துப் பாடம், நன்றாக எழுதி எண்பத்தெட்டு வாங்கியிருக்கிறாள். எரிமலை இல்லை. வழிந்த படுகை இல்லை. மேலே இருந்த மண்ணும் பாறையும் கோடிக்கணக்கான வருடத்தில் தேய்ந்து போனதால் இன்றைக்கு வெயிலில் தெரிகிறதே தவிர, அது வானத்தைப் பார்த்துக் கொதித்த கல் இல்லை.

இருக்காது, என்று அடுத்த மூச்சில் நினைத்தாள். துவைக்கிற கல் வேறு குவாரியாக இருக்கலாம். இருக்கலாமா? கூடவே நடந்து வந்திருக்கிறாள், ஐந்து வயதில், உருட்டுகிற ஆட்களுக்கு முன்னால் வழியில் கிடந்த முள்ளைப் பொறுக்கிக்கொண்டே. சரி, ஒரு கல்லை வைத்து எப்படிச் சொல்வது. ஆறு மாதிரிக் கல் ஒரு பக்கம், ஒரு துவைகல் ஒரு பக்கம். ஆனால் பக்கத்துப் பாறை? லாவா வழிந்து படிந்தால் அடியில் இருக்கிற பாறைதான் வேகும், மேலே வேகாது, பக்கச் சுவர் என்று ஒன்று இருக்கவே இருக்காது. அவள் குறிப்பேட்டில் அவள் கையெழுத்திலேயே இருந்தது: வடகரையிலும் தென்கரையிலும் சாம்பல் பாறை ஒரு சாண் அகலத்துக்குச் சுட்ட செங்கல்போல் இறுகியிருக்கிறது. இரண்டு பக்கமும். இரண்டு தடவை வழிந்ததாக எழுதிச் சமாளித்திருந்தாள். எழுதும்போது தெரியாதா? தெரியவில்லை, சத்தியமாகத் தெரியவில்லை. ஆனால் இன்னொன்று தெரிந்தது. அதைத் தொட அவள் மனம் சுற்றிச் சுற்றி வந்தது, சம்மட்டி ஓரத்தில்தான் ஏறியது அதனால்தான் ஓரத்துக் கல் எடுத்தேன், வெயில் மண்டையைப் பிளந்தது, காவலாளி சீக்கிரம் போகச் சொன்னார், என்று ஒவ்வொன்றாகத் தொட்டுவிட்டுக் கடைசியில் அங்கேயே வந்து நின்றது. நாற்பத்தியோராம் பக்கம். லாவா என்றால் ஆவி வெளியேறின துளைகள் இருக்க வேண்டும், இட்லியைப் பிட்டால் தெரிவது போல. "துளை இருக்கா?" என்று பூவராகன் சார் கேட்டார், கண்ணில் ஆசையோடு கேட்டார், துறையில் பல வருடமாக எல்லாரும் அதே மணல், அதே நிலத்தடி நீர், முதல்முறையாக ஒரு பிள்ளை எரிமலை என்று வந்திருக்கிறது. அவள் கல்லிலிருந்து மெல்லிசாகத் தேய்த்தெடுத்த ஆறு சீவலையும் நுண்ணோக்கியில் மூலை மூலையாகப் பார்த்திருந்தாள். ஒரு துளைகூட இல்லை. "ரேரா இருக்கு சார்" என்றாள். அந்த முகம் வாடிவிடக் கூடாதென்று சொன்னாள், அவர் தனக்குச் செய்ததற்கெல்லாம் பதிலாக ஏதோ ஒன்று கொடுக்க வேண்டும்போல் இருந்தது, கையில் இருந்தது அதுதான். ரேர் என்று அச்சில் ஏறிவிட்டது. மற்றதெல்லாம் தப்பு. அது பொய்.

யாருக்குத் தெரியும். தில்லைநாயகி மேடம் நாலு மணி ரயிலுக்குத் திரும்பிவிடுவார். பள்ளத்தில் தண்ணீர். நடுவிலிருந்த கல் கடல் தாண்டிப் போய் யாருடைய பெயரையோ தாங்கிக்கொண்டு நிற்கிறது. மிஞ்சின ஒரு கல்லின் மேல் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும், போன வருடம் ஒருவனுக்கு ஆனது, ஆய்வேடு தள்ளுபடி, ஆறு மாதம் கழித்து மறுபடி, அதுவரை பட்டம் இல்லை, விடுதி இல்லை, வீட்டுக்குப் போய் என்னவென்று சொல்வது, அப்பாவுக்கு எப்படிக் கத்தி விளங்க வைப்பது. "என்னா எரிமல, மொகம் இப்பிடி வேத்திருக்கு?" ஆய்வக உதவியாளர் சவரி அண்ணன், கையில் தேநீர்த் தட்டு, தேர்வாளர்களுக்கு. அவள் எழுந்து நின்றாள். ஆறு சீவலும் அவர் தேய்த்துக் கொடுத்தது, கல்லைத் துண்டு போட்டுக் கண்ணாடியில் ஒட்டி, பொடி போட்டுத் தேய்த்துத் தேய்த்து முடியில் பாதிக் கனத்துக்குக் கொண்டு வந்து, மூன்று தடவை சீவல் கடைசி நிமிடத்தில் சோப்பு மாதிரிக் கரைந்துபோக, மூன்று தடவையும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார், அதுவும் அவருடைய சாப்பாட்டு நேரத்தில். "அண்ணே, அந்த ஸ்லைடெல்லாம் வீணாப் போச்சுன்னா கோவிச்சுக்குவீங்களா?" "ஏன், கீழ போட்டுட்டியா?" "இல்லண்ணே. கல்லு வேற கல்லு." சவரி அண்ணன் தட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "கல்லு எதுவா இருந்தா எனக்கென்ன, நான் தேச்சது சரியா வந்துச்சா இல்லையா?" "சரியா வந்துச்சு. அதுலதான் தெளிவாத் தெரியுது, துளையே இல்லன்னு." "அப்பறம் என்ன, என்னக் கொற சொல்ல வழியில்ல. டீ ஆறுது" என்று தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். அவள் நின்றபடியே இருந்தாள். நிறங்கள் நினைவுக்கு வந்தன, முதல்முதலாக அவர்தான் நுண்ணோக்கியின் முன்னாலிருந்து தள்ளி நின்று அவளைப் பார்க்கச் சொன்னது, கருங்கல்லுக்குள் நீலமும் ஆரஞ்சும் ஊதாவும் பற்றிக்கொண்டு எரிந்தது, ஐயோ என்று கத்திவிட்டாள். நம் ஊர்க் கல். ஊரே மிதித்து நடக்கிற கல். அதற்குள் இப்படி இருப்பதை யாரும் சொல்லாமல் போயிருந்தால் அவளும் மிதித்துக்கொண்டே இருந்திருப்பாள். காட்டினவர்களிடம் பொய் சொல்லிவிட்டு அதை நன்றி என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

கதவு அகலத் திறந்தது, பூவராகன் சார். தேர்வு நடுவில் ஒரு கையெழுத்துக்காக அலுவலகம்வரை போகிறவர், அவளைக் கண்டதும் நின்று, குரலைத் தாழ்த்தி, "மேடம் காலையிலேயே உன்னோடது படிச்சிட்டாங்க. 'எரிமலையா, நான் கேட்டே ரொம்ப நாளாச்சு'ன்னாங்க. நல்லா சொல்லணும், என்ன?" என்றார். சார், என்றாள். "என்னம்மா?" சொல்லியிருக்கலாம். இரண்டு வாக்கியம்தான். அவர் சட்டைப் பையில் பேனா கசிந்து நாணய அளவு மை பரவியிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பேனா கசியுது சார்." "அடடா" என்று பையைப் பிடித்துக்கொண்டே போய்விட்டார். போனதும் அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது, எரிச்சலுக்குப் பின்னால் விசித்திரமாக ஒரு நிதானம், ஏனென்றால் சொல்ல முயன்றாயிற்று, சொல்ல வரவில்லை, அப்படியென்றால் சொல்லத்தான் போகிறாள், வாய் மட்டும் இன்னும் திறக்கவில்லை. ஜெனிபா வெளியே வந்தாள், நெற்றி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய. "முடிச்சிட்டேன்டி! தங்கமான அம்மா. மொகத்தப் பாத்துப் பயந்துராத. ஏய், என்னாச்சு உனக்கு?" மாதேஸ்வரி வரைபடத்தை விரித்துக் காட்டினாள், நீலத்தைக் காட்டினாள், இரண்டு கரையில் இருந்த புள்ளிகளைக் காட்டினாள், நாலு வரியில் சொன்னாள். ஜெனிபா புத்திசாலி, மூன்றாவது வரியிலேயே புரிந்துகொண்டு வாயில் கை வைத்தாள். "அல்லாவே. டைக்கு." பிறகு கையை எடுத்துவிட்டு, "சரி. கேட்டா சொல்லு. கேக்கலன்னா வாயத் தொறக்காத. பட்டத்த வாங்கிக்க, அப்பறமா ஊருக்கே தண்டோராப் போட்டுக்க." "கேக்க மாட்டாங்க ஜெனி. அவங்க நம்புறாங்க." "அப்ப விடு." "அதனாலதான் விட முடியல." ஜெனிபா ஆய்வேட்டை மூடி அவள் கையில் கொடுத்தாள். "உன்னக் கட்டிக்கிட்டு மாரடிக்க முடியாதுடி" என்று சொல்லிவிட்டு, போகாமல், பெஞ்சில் அவள் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். "இங்கதான் இருப்பேன். போ."

உள்ளே மின்விசிறி சத்தம் வெளியில் கேட்டதைவிட அதிகம். பெரிய மேசைக்கு அந்தப் பக்கம் தில்லைநாயகி மேடம், நரைத்த தலை, வெற்றுக் காது, முன்னால் அவளுடைய ஆய்வேடு, அதில் நிறையத் தாள் செருகியிருந்தது. பூவராகன் சாரும் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார், பையில் மைக்கறையை மறைத்துக் கைக்குட்டை. "உட்காருங்க மாதேஸ்வரி. நல்லா உழைச்சிருக்கீங்க. எனக்கு ஒரு சின்ன சந்தேகம், இந்த எரிமலை..." "எரிமலை இல்ல மேடம்." குரல் அவள் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. மின்விசிறிக்கு ஈடாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு அதே உரத்த குரலில், உட்காராமலே, ஓரத்தில் மட்டும் கல் எடுத்தது, நடுவில் பள்ளம் இருப்பது, இரண்டு கரையும் வெந்திருப்பது, வீட்டில் ஒரு கல் இருப்பது, எல்லாம் முன்னும் பின்னுமாக, சொன்னதையே மறுபடி சொல்லி, கடைசியில் மூச்சு வாங்க, "நாப்பத்தியோராம் பக்கத்துல துளை ரேரா இருக்குன்னு எழுதியிருக்கேன். ரேர் இல்ல மேடம். இல்லவே இல்ல. தெரிஞ்சே எழுதுனேன். சாருக்கும் அப்படித்தான் சொன்னேன்" என்றாள். மேடம் செருகியிருந்த தாள்களில் ஒன்றைத் திருப்பினார். அது நாற்பத்தியோராம் பக்கம், ஓரத்தில் பென்சிலில் ஒரு கேள்விக்குறி. கேட்கத்தான் இருந்திருக்கிறார். அதைப் பார்த்ததும்தான் மாதேஸ்வரி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள், எல்லாம் சொல்லி முடித்த பிறகு.

"எப்ப தெரிஞ்சுது?" "இப்பதான் மேடம். அரை மணி நேரம் முன்னாடி, வெளியில." "நடுவில இருந்த கல்ல யாரு எடுத்தது?" எதிர்பாராத கேள்வி. "குவாரிக்காரங்க. எங்கப்பாவும்தான் மேடம், டிரில்லு போட்டாரு." மேடம் சிரித்தாரா என்று தெரியவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை இப்படியே நான் பாஸ் பண்ண முடியாது." "தெரியும் மேடம்." "தலைப்பு, அஞ்சாவது அத்தியாயம், முடிவுரை, மூணும் மாத்தணும். நடுவில இருந்த கல்லு ஒண்ணு வேணும், அதுக்கு ஸ்லைடு வேணும். இருபது நாள். மத்தவங்க ரிசல்ட்டோட உங்களுது வராது." இருபது நாள். ஆறு மாதம் இல்லை. அவளால் அதைப் பிடித்துக்கொள்ள முடியவில்லை, காதில் விழுந்தது உள்ளே இறங்க நேரமாகியது, அதற்குள் பூவராகன் சார் ஆய்வேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முதல் பக்கத்துச் சான்றிதழைத் திறந்து, தன் கையெழுத்தின்மேல் விரலை வைத்தார். "'நேரில் மேற்பார்வையிட்டேன்'னு இதுல நான் எழுதியிருக்கேன் மேடம். நான் பள்ளத்துக்குப் போகவே இல்ல. வெயிலுன்னு நின்னுட்டேன். போயிருந்தா கரையில நின்ன உடனே தெரிஞ்சிருக்கும். அவ ஒரு வார்த்தை எழுதினா. நான் ஒரு வரி எழுதியிருக்கேன்." அவர் மாதேஸ்வரியைப் பார்க்காமலே சொன்னார். திட்டுவார் என்று அவள் தோளை இறுக்கிக்கொண்டிருந்தாள், இன்னும் இறுக்கியபடியே இருந்தாள், தளர்த்தினால் இங்கேயே அழுதுவிடுவோம் என்று தெரிந்தது. "ஞாயித்துக்கிழமை உங்க ஊருக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு?" என்றார். "அஞ்சே முக்காலுக்கு சார்." "ரெண்டு சீட்டு பிடி." தில்லைநாயகி மேடம் இருவரையும் பார்த்துவிட்டு, பென்சிலால் மேசையைத் தட்டினார். "அதெல்லாம் ஞாயித்துக்கிழமை. தேர்வு இன்னும் முடியல. எரிமலை இல்லன்னா அங்க என்ன இருந்துச்சு? போர்டுல போட்டுச் சொல்லுங்க." எழுந்து போனாள், சுண்ணாம்புக்கட்டி கையில் வழுக்கியது. வடகரைக்கு ஒரு கோடு போட்டாள், தென்கரைக்கு ஒரு கோடு, இரண்டும் கொஞ்சம் கோணல். நடுவில் இடம் விட்டுவிட்டு, அங்கிருந்து பேசத் தொடங்கினாள்.